அடிவரை விட்ட கை

அந்தம்மா இடது கையில் மட்டும்தான் வளையல் போடுவார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், மணிக்கட்டிலிருந்து பாதிக் கை வரை. வலது கை மொட்டையாக இருக்கும். புதிதாகக் குடி வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாலு மாதம் இருந்துவிட்டால் காரணம் தெரிந்துவிடும். அந்த வலது கை அரிசி டின்னுக்குள் போகிற கை. வளையல் இருந்தால் டின் வாயில் தட்டும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பள்ளிக்கூடம் என்று நான் போனது மூன்று மாதம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதோடு சரி. கிள்ளான் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினேன். என் வயதுக்காரர்கள் ஒரு மூட்டை தூக்கினால் நான் இரண்டு தூக்குவேன், இது பொய்யில்லை. பிறகு ஒற்றை மாட்டு வண்டி, அப்புறம் இரட்டை மாடு, அப்புறம் லோரி. கோலாலம்பூரில் பெரிய கட்டடம் என்று நீங்கள் அண்ணாந்து பார்க்கிற பலவற்றுக்குச் செங்கல் ஏற்றிப் போனது என் வண்டி. இன்றைக்கு நான் பேங்குக்குள் நுழைந்தால் மேனேஜர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். என் சொத்தை எத்தனையோ பேர் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் என் வீட்டு அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் பார்த்தவர் அந்தப் பால்காரம்மா ஒருவர்தான்.

ரயில் பட்டறைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. ஐந்து மாடுகள். புருஷன் புல் அறுத்துப் போடுகிறவர், அவர் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தம்மாவே பேசிவிடுவார். பால் ஊற்ற வரும்போது இரண்டு தூக்குப் போணி கொண்டுவருவார். வாசலில் நின்று, "இது தண்ணி விட்டது, இது விடாதது. எது வேணும்?" என்பார். தண்ணீர் விட்டதற்கு விலை குறைவு. ஊரெல்லாம் பாலில் தண்ணீர் கலந்தது, சொல்லிவிட்டுக் கலந்தவர் அவர் ஒருவர்தான்.

"பொய் சொல்றதுக்கு ஞாபக சக்தி வேணும் தம்பி. எனக்கு அஞ்சு மாட்டப் பார்க்கவே நேரம் பத்தல" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

அவர் நடத்திய கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டு என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு எங்கள் ஊர்க் காசில் ஐந்து வெள்ளி போடுவார்கள். சேர்கிற நூறு வெள்ளியை அந்த மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். எடுத்தவர், இருபது மாதமும் முடிகிற வரைக்கும் தவறாமல் தன் ஐந்து வெள்ளியைக் கட்டிவர வேண்டும். சாட்சி கிடையாது, பத்திரம் கிடையாது. கல்யாணம், காது குத்து, வண்டி, மாடு, ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட்டு எல்லாம் எங்களுக்குக் கூட்டில்தான் நடந்தது.

முன்பு வேறொருவர் நடத்தினார். வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார், ஒருவனுக்கே மூன்று பங்கு, நான்கு பங்கு கொடுத்தார். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். அந்தக் கித்தா விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், பட்டறையில் நிறுத்தினார்கள், செங்கல் சூளையில் நெருப்பு அணைந்தது. கூட்டுப் பணம் எடுத்தவர்கள் கட்ட முடியாமல் கப்பல் ஏறினார்கள். ஒரு காலைப் பொழுதில் போய்ப் பார்த்தால் நடத்தியவர் வீட்டிலும் பூட்டு தொங்கியது. பெண்கள் அந்தப் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பால்காரம்மா அழவில்லை. அவருக்குப் போனது இரண்டு மாட்டுக் காசு. பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டு அடுப்பங்கரைக்குள்ள ஒரே ஒரு நாள் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஒரு வருஷம் யாரும் கூட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அவர்தான் ஆரம்பித்தார். இரண்டே சட்டம். ஒருவருக்கு ஒரு பங்குக்கு மேல் கிடையாது. இரண்டாவது சட்டம்தான் ஊரைக் கலக்கியது. பணம் எடுக்கப் போகிறவர் வீட்டுக்கு அவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். நேராக அடுப்பங்கரைக்குப் போய் அரிசி டின்னைத் திறப்பார். பத்து நாள் அரிசி இருந்தால் பணம். இல்லாவிட்டால் அடுத்தவர் முறை.

மேலாக எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். கையை அடிவரை விடுவார். மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி அரிசி போட்டு வைத்த காலம் அது. அடியில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து மேலே அரிசியைப் பரப்பியவர்கள் இருந்தார்கள். அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். "பால்காரம்மா கை விட்டாச்சா?" என்பது எங்கள் பக்கம் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் கேட்கிறவர்கள்கூட, "அந்த வீட்டுல கை விட்டிருக்காங்களா?" என்று விசாரிப்பார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தத் தாய் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டாள். டின்னில் மூன்று நாள் அரிசிதான் இருந்தது. பால்காரம்மா பணம் தரவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதம் அந்த வீட்டுக்குத் தண்ணீர் விடாத பாலை இலவசமாக ஊற்றினார். பிள்ளை பிழைத்தது. ஆனாலும் அந்தத் தாய் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. பால் கொடுத்ததை அவள் மறந்துவிட்டாள், பணம் தர மறுத்ததை மறக்கவில்லை. மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

என் முறை வந்தது. இரண்டாவது வண்டி வாங்க எனக்கு அந்த நூறு வெள்ளி வேண்டும். சூளையில் மறுபடி நெருப்பு மூட்டியிருந்தார்கள், செங்கல் ஏற்ற வண்டி பற்றாத நேரம். டின்னைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அரிசி மூட்டை தூக்கிப் பிழைத்தவன் வீட்டிலா அரிசி இருக்காது? அவர் வந்தபோது நான் வாசலில் என் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தேன்.

"வாங்கக்கா, வாங்க. தாராளமாப் பாருங்க. வேணும்னா ரெண்டு கையும் விடுங்க" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

உள்ளே போனார். என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். டின் வாய்வரை அரிசி இருந்தது. பால்காரம்மா கையை விட்டார். மணிக்கட்டு மறையுமுன் கை நின்றது. அப்படியே என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சாக்கின் முனையை மட்டும் இழுத்துக் காட்டிவிட்டு, மறுபடி அரிசிக்குள் அமுக்கி மூடினார். அடியிலிருந்து சுருட்டி அடைத்த கோணிச் சாக்கு. அதற்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு அரிசி.

எனக்கு அதுவரை தெரியாது. மாட்டுக்குப் பிண்ணாக்கு, வண்டிக்குப் புதுச் சக்கரம், எனக்குச் சில்க் சட்டை என்று செலவழித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

வெளியே வந்து என் மாட்டைத் தட்டிக்கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, "மாடு நல்லாத் தின்னிருக்கு தம்பி. அந்தப் பொண்ணும் திங்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வரேன்" என்றார். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாக்கு என் கண்முன் வந்தது. செங்கல் ஏற்றும் வேலை வேறொருவனுக்குப் போனது. ரெண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது, இப்போது வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சட்டத்தை உடைப்பது என்று நான் முடிவு செய்தேன். நியாயம் பேசித்தான் உடைத்தேன், ஆனால் அடியில் கிடந்தது அந்தச் சாக்குதான். இதை இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் கித்தா விலை ஏறியது. பாசார் கடைகளில் மறுபடி கூட்டம். பட்டறையில் ஆள் எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில் கூட்டுக்காரர்கள் இருபது பேரும் கூடினோம். நான் எழுந்தேன். பேசுவதற்கு நான் யாரிடமும் பாடம் கேட்டதில்லை.

"பஞ்சம் வந்தப்போ போட்ட சட்டம் இது. இப்போ பஞ்சம் எங்க இருக்கு? பட்டறையில மாசச் சம்பளம் வருது. சீலு குத்தின காயிதம் குடுக்கிறான். வெள்ளைக்காரன் பேங்குல காயிதத்தப் பார்த்துப் பணம் குடுக்கிறானா, அடுப்பங்கரைய மோந்து பார்த்துக் குடுக்கிறானா?"

"அந்த பேங்கு உங்களுக்கு எம்புட்டு தம்பி குடுத்துச்சு?" என்றார் பால்காரம்மா, சாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சலவைக் கடைக்காரர் எனக்குத் துணை வந்தார். "அண்ணன் சொல்றது சரிதான்லா. அக்கா வருவாங்கன்னு என் பொண்டாட்டி பக்கத்து வூட்டுல அரிசி கடன் வாங்கி டின்ன நெரப்புறா. நீங்க போனதும் திருப்பிக் குடுக்கிறா. போன வாரம் என் டின்னுல நீங்க கை விட்டது பக்கத்து வூட்டு அரிசி."

"தெரியும்" என்றார் அவர். "அவுங்க வூட்டு அரிசியில கல்லு கெடக்கும். கடன் குடுக்க ஒரு வீடு இருக்குல்ல உங்களுக்கு? அது போதும்னுதான் விட்டேன்."

மறுபடி சிரிப்பு. விட்டால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். நான் கையில் வைத்திருந்த பெரிய கேள்வியைப் போட்டேன். அது நல்ல கேள்விதான், இன்றைக்கும் சொல்லுவேன்.

"அக்கா, பசிச்சவனுக்குத்தானே பணம் வேணும்? பத்து நாள் அரிசி இருக்கிறவனுக்குத்தான் தருவேன்னா, இல்லாதவன் எங்க போவான்? அந்தக் காய்ச்சல் பிள்ளை செத்திருந்தா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பசிச்சவனுக்குச் சோறு போடலாம் தம்பி. கடனப் போட்டா அவன் அதத்தான் திம்பான். அப்புறம் அது அவனத் திங்கும், அவன் பொண்டாட்டி பிள்ளையத் திங்கும், கட்டின பத்தொம்பது பேரத் திங்கும். போன தடவ பார்த்தோமே."

"அது போன தடவ."

"பால் பொங்கி அடங்கிட்டா அடுப்ப விட்டு எந்திரிச்சிரலாமா? உள்ள நெருப்பு இருக்குல்ல. மறுபடி பொங்கும். எப்பன்னுதான் தெரியாது."

நான் விடவில்லை. நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா, எங்கள் பெண்கள் எத்தனை நாளைக்கு அடுப்பங்கரையில் மானம் போய் நிற்பது என்றெல்லாம் பேசினேன். சாக்கை நினைத்துக்கொண்டு பேசினேன், அதனால் நன்றாக வந்தது. கை தூக்கச் சொன்னோம். பதினான்கு கை தூக்கின. அந்தக் காய்ச்சல் பிள்ளையின் தாய்தான் முதலில் தூக்கினாள்.

"சரி" என்றார் பால்காரம்மா. "எல்லாரும் சொல்றீங்க. இனிமே டின்னு இல்ல, காயிதம். யாரு படிக்கிறது?"

"நான் படிக்கிறேன்" என்றேன்.

எங்கள் கூட்டில் கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர் யாரும் இல்லை. இங்கிலீஷ் தெரிந்த கிராணிகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அவர்கள் வாசலில் போய் நிற்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கம்பெனிச் சீலும் துரை கையெழுத்தும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது போதாதா என்று நினைத்தேன்.

காகிதச் சட்டத்தில் முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. என் வண்டியும் அதில்தான் வந்தது. நான்காவது மாதம் பட்டறையில் இரும்பு கடைகிற ஒருவர் கேட்டார். சாதுவான மனிதர். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். காகிதம் என் கைக்கு நேராக வராமல் ஒரு சாண் தள்ளி நின்றது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரித்தேன். மேலே சீல் இருந்தது, கீழே கையெழுத்து இருந்தது. நடுவில் மூன்று வரி இங்கிலீஷ். எனக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினேன், படிக்கிறவர்கள் ஓட்டுகிற மாதிரி.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்று பால்காரம்மா கேட்டார்.

"வேலை நிலையா இருக்குன்னு போட்டிருக்குக்கா."

அந்த மனிதர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. பிறகு மூடிக்கொண்டார். பால்காரம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தார். காகிதத்தை வாங்கி மடித்து, நெய் டின்னில் போட்டு வைத்தார்.

அடுத்த மாதம் அவர் கட்ட வரவில்லை. பட்டறையில் விசாரித்தேன். இரும்புத் தூள் பட்டுப் பட்டு அவருக்குக் கண் மங்கிவிட்டதாம். வேலைக்கு ஆக மாட்டார் என்று நிறுத்தி, எழுத்தில் கொடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். எந்தக் காகிதம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

பால்காரம்மாவோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள், அவர் இல்லை. "ஊர்ல கண்ணுக்கு மருந்து போடுற ஆள் இருக்காராம். பார்வை வந்ததும் திரும்பிடுறேன்னு கப்பலேறினாரு" என்றாள் அந்தப் பெண். அவளுக்குச் சட்டம் மாறியதும் தெரியாது, கூட்டுப் பணம் எடுத்ததும் தெரியாது. பால்காரம்மா ஒன்றும் கேட்காமல் அடுப்பங்கரைக்குப் போய் டின்னைத் திறந்து கையை விட்டார். இரண்டு விரல் அரிசி. அதற்கு அடியில் ஒரு துணி. துணிக்கு அடியில் இரண்டு செங்கல். பழுத்த சிவப்புச் செங்கல், எங்கள் சூளைச் சரக்கு, என் வண்டியில் போனதாகவும் இருக்கலாம்.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசமாக்கா. மரவள்ளிதான். நீங்க வருவீங்கன்னு செங்கல் வச்சேன். நீங்க வரவே இல்லையே."

இந்தக் கடைசி வார்த்தையை அவள் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். பழைய சட்டம் இருந்திருந்தால் பணம் போயிருக்காது, அவரும் கப்பல் ஏறியிருக்க மாட்டார். காய்ச்சல் பிள்ளைக்கு வந்த மாதிரி அந்த வீட்டுக்குப் பால் வந்திருக்கும்.

கூட்டு உடையவில்லை. உடையாமல் பார்த்துக்கொண்டது அந்தம்மா. அந்த மனிதர் கட்ட வேண்டிய ஐந்து வெள்ளியை மாதாமாதம் அவரே போட்டார். ஒருவர் ஏமாற்றியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கட்டாமல் இழுத்தடித்தார்கள், அதையும் அவரே போட்டார். கொட்டகையில் மாடு ஐந்து நாலானது, நாலு மூன்றானது. நானும் கொஞ்சம் போடுகிறேன் என்று போனேன். "நீங்க உங்க பங்க ஒழுங்காக் கட்டுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்றைக்காவது ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போவார், அன்றைக்கு என் தலை தெருவில் உருளும் என்று காத்திருந்தேன். அந்த நாள் வரவில்லை. இருபதாவது மாதம் கடைசி ஆளுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அதே வாரம் கடைசி மாட்டையும் விற்றுவிட்டு, புருஷனோடு, கண் போனவரின் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிள்ளான் பக்கம் போய்விட்டார்.

லோரி வாங்கிய பிறகு துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிள்ளானுக்குப் பக்கத்துப் பண்டமாரானில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு தூக்குப் போணி. வேறு யாரிடமோ பால் வாங்கி விற்கிறார். லோரியை நிறுத்திக் குதித்தேன்.

"அட, லோரியா? மொதலாளி ஆயிட்டீங்க" என்று சிரித்தார். அந்தப் பெண்கள் வளர்ந்துவிட்டதாகச் சொன்னார். அவர்கள் அப்பாவிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். போணியைக் கை மாற்றும்போது சத்தம் கேட்டது. அப்போதுதான் பார்த்தேன். வலது கையிலும் வளையல். பச்சையும் சிவப்புமாக, பாதிக் கை வரை.

"என்னக்கா இது?"

"கூட்டு இல்ல, டின்னும் இல்ல. அப்புறம் என்ன? போட்டுக்கிட்டேன்."

என் வாழ்க்கையில் நான் யாருக்கும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்துகொண்டே கேட்டேன்.

"அக்கா, அந்தக் காயிதம்..."

"எங்கிட்டதான் இருக்கு. நெய் டின்னுக்குள்ள."

"யார்கிட்டயாவது குடுத்துப் படிச்சீங்களா?"

அவர் போணியைக் கீழே வைத்தார். வலது கை வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இல்ல தம்பி. எத்தனையோ வீட்டுல அடிவரைக்கும் கைய விட்டாச்சு. உங்க டின்னுல ஒரு தரம் விட்டது போதும்னு இருந்துட்டேன்."

பிறகு போணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். "தண்ணி விட்டது மட்டும்தான் இருக்கு. வேணுமா?" என்று அவர் கேட்பது லோரிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் கேட்டது.